காயில் கடைக்கு ஒரு கை பிரஸ்: வாங்கி ஒன்பது மாதம் ஓட்டிய பிறகு

சோழவந்தானில் எங்கள் காயில் கடை அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. சீலிங் ஃபேன், மிக்ஸி, கிரைண்டர், வீட்டு மோட்டார், வயக்காட்டு மோட்டார் என்று எல்லாம் வரும். நெல் வயலும் வெற்றிலைக் கொடிக்காலும் தென்னந்தோப்பும் உள்ள ஊர். தண்ணீர் இறைக்காத நாள் கிடையாது, அதனால் மோட்டார் பழுதாகி வராத வாரமும் கிடையாது. காயில் கட்டுவது என் வேலை. பேரிங் (உள்வளையம், வெளிவளையம், நடுவில் ஓடும் குண்டுகள் என்று மோட்டார் தண்டைத் தாங்குவது) மாற்றுவது பல வருடம் அப்பாவின் வேலையாக இருந்தது. அதற்குக் கைப்பலம் வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தோம். அப்பாவுக்குத் தோள்பட்டை வலி வந்து சுத்தியல் தூக்க முடியாமல் போனபோது அந்த வேலையும் என்னிடம் வந்தது.

அப்போதுதான் பேரிங்கை அடிக்காமல் அழுத்தி ஏற்றுகிற கை பிரஸ் தேட ஆரம்பித்தேன். முதலில் ஒன்றை வாங்கி ஏமாந்தேன். இரண்டாவதாக வாங்கியதை ஒன்பது மாதமாக ஓட்டுகிறேன். இதை வாங்க நினைக்கும் காயில் கடைக்காரர்களுக்கும் சின்ன ஒர்க் ஷாப் வைத்திருப்பவர்களுக்கும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பில்லில் இதை ஆர்பர் பிரஸ் என்று போடுவார்கள். வார்ப்பிரும்பில் ஒரு வளைந்த உடம்பு, அதற்குள் மேலும் கீழும் போய் வருகிற ஒரு சதுரத் தண்டு. அந்தத் தண்டுக்கு ராம் என்று பெயர். ராமின் ஒரு பக்கம் பல் வெட்டியிருக்கும். அந்தப் பல்லில் கோத்த பினியனை, அதாவது சின்னப் பல்சக்கரத்தை, கைப்பிடி திருப்பும். இவ்வளவுதான் சாமான். கரண்ட் வேண்டாம், ஆயில் சிலிண்டர் வேண்டாம். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரு வேலை முடியும். அடுத்த வேலைக்குக் கீழே வைக்கிற குழாயையும் தட்டையும் மாற்ற வேண்டும். நூறு ஒரே மாதிரி சாமான் அடிக்கிறவர்களுக்கு இது ஆகாது. எங்களுக்குக் காலையில் ஃபேன் வரும், மத்தியானம் மிக்ஸி ஜார் வரும், சாயங்காலம் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) வரும். ஒவ்வொன்றாக நிதானமாகச் செய்ய இதுதான் சரி.

சுத்தியலில் என்ன குறை என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் கடையிலேயே முப்பது வருடம் அப்படித்தான் நடந்தது. அப்பா கை தேர்ந்த கை, குழாய் வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டுவார், பேரிங் நேராக இறங்கும். நான் தட்டியபோது அப்படி இறங்கவில்லை. ஒரு பக்கம் முன்னால் போய் மறுபக்கம் நின்றுவிடும். நிமிர்த்துவதற்காக வெளிவளையத்தில் ஒரு தட்டு தட்டினால் அந்த அடி முழுக்க உள்ளே இருக்கிற குண்டுகள் வழியாகத்தான் உள்வளையத்துக்குப் போகும். குண்டு ஓடுகிற பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். அன்றைக்கு மோட்டார் நன்றாகத்தான் ஓடும். இரண்டு மூன்று மாதம் கழித்து 'கர்'ரென்று சத்தம் போட்டுக்கொண்டு திரும்பி வரும். வருகிறவர் பேரிங் டூப்ளிகேட் என்று பேரிங் கடைக்காரரைத் திட்டுவார். அதில் பாதி என் சுத்தியல் செய்த வேலை என்று எனக்குத் தெரியும். அந்த உறுத்தல்தான் என்னை இந்தச் செலவுக்குத் தள்ளியது.

பேரிங்கைப் பற்றி அப்பா சொல்லிக் கொடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. நம்பரின் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வரும். 6204 என்றால் 20 மி.மீ., 6205 என்றால் 25. இந்தக் கணக்கு 04-லிருந்துதான் சரியாக வரும். 6202-க்கு 15, 6203-க்கு 17 என்று தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். ஷாஃப்ட், அதாவது மோட்டாரின் சுழலும் தண்டு, அந்த உள்விட்டத்தைவிட மைக்ரான் கணக்கில்தான் தடிமனாக இருக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்கு. அந்தச் சில பங்குதான் பேரிங்கைப் பிடித்து வைக்கிறது. இவ்வளவு நுணுக்கமான பிடிப்பைச் சுத்தியலால் உண்டாக்கினோம் என்று இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

முதல் பிரஸ்ஸை ஆன்லைனில் வாங்கினேன். ஒரு டன் என்று போட்டிருந்தது, 3,400 ரூபாய். வீட்டு வாசலுக்கே வந்தது. பெயிண்ட் பளபளவென்று இருந்தது. முதல் நாளே 6202 ஒன்றை ஏற்றிப் பார்த்தேன், கோணலாகப் போனது. என் கைதான் பழகவில்லை என்று நினைத்து இன்னொன்று ஏற்றினேன், அதுவும் அதே பக்கம் சாய்ந்தது. மூலமட்டத்தை (செங்கோணம் பார்க்கும் 'எல்' வடிவக் கருவி) அடித்தட்டில் வைத்து ராமோடு ஒட்டிப் பார்த்தபோது மேலே தொட்டது, கீழே ஒரு பிளேடு நுழைகிற இடைவெளி. ராம் செங்குத்தாக இல்லை. வார்ப்பில் ராம் ஓடும் வழியையே சாய்வாகக் கடைந்திருக்கிறார்கள், அதை எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது. ஒரு மூலையில் பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் பார்த்தால் உள்ளே புட்டி அடைத்திருந்தார்கள். திருப்பி அனுப்பக் கேட்டுப் பதினேழு நாள் போன் பண்ணினேன். கடைசியில் பாதிப் பணம் வந்தது. சாமானை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன்.

அதில் இன்னொரு குறையும் இருந்தது. அதைக் குறை என்று சொல்ல முடியாது, நான் பார்க்காமல் வாங்கியது. ராமை முழுக்க மேலே ஏற்றினாலும் அடித்தட்டுக்கும் ராமுக்கும் நடுவில் 18 செ.மீ. உயரம்தான். ஃபேன் வேலைக்குப் போதும். அரை எச்.பி. மோனோபிளாக்கின் ரோட்டர், அதாவது உள்ளே சுழலும் பாகம், ஷாஃப்டோடு சேர்த்து 23 செ.மீ. இருக்கிறது. அதை நிறுத்தவே முடியாது. எத்தனை டன் என்று கேட்டேனே தவிர எத்தனை உயரம் என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாவது முறை நேரில் பார்த்துத்தான் வாங்குவது என்று முடிவு செய்து, பழைய ரோட்டர் ஒன்றைச் சாக்கில் கட்டி, பையில் மூலமட்டத்தைப் போட்டுக்கொண்டு, கடைப் பையனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் சிம்மக்கல், அங்கிருந்து ஒர்க் ஷாப் ரோடு. அந்த ரோட்டில் நடப்பதே எனக்குப் பிடித்த வேலை. பம்பு, பெல்ட், வால்வு, டூல்ஸ் என்று அடுத்தடுத்துக் கடைகள் இருக்கும். எதைக் கேட்டாலும் 'அந்தா அங்கிட்டு' என்று கை காட்ட ஒருவர் இருப்பார்.

முதலில் நுழைந்த கடையில் வேண்டியதைச் சொன்னேன். கல்லாவில் இருந்தவர் என் தலைக்கு மேலாகப் பையனைப் பார்த்து, "தம்பி, உங்களுக்கு எத்தனை டன்னு வேணும்?" என்றார். பையனுக்குப் பதினெட்டு வயது. அவன், "அக்காகிட்டக் கேளுங்கண்ணே, அவங்கதான் மெக்கானிக்" என்றான். அதற்குப் பிறகும், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா, வெயிட்டான சாமான்" என்றார். நான் மேற்கொண்டு எதுவும் பேசாமல் வந்துவிட்டேன். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். பத்தொன்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன்.

மூன்றாவது கடையில் இருந்த பெரியவர் வேறு மாதிரி. சாக்கை அவிழ்த்து ரோட்டரை எடுத்து வைத்ததும் அவர் முகம் மாறியது. "ரோட்டரோட வந்தியா தாயி? இப்படித்தான் வரணும்" என்று சொல்லி, மூன்று பிரஸ்ஸை இழுத்து வெளிச்சத்தில் வைக்கச் சொன்னார். எதை வேண்டுமானாலும் சோதித்துக்கொள் என்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

நான் பார்த்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் மூலமட்டத்தை அடித்தட்டில் நிறுத்தி ராமின் முன்பக்கத்தோடு சேர்த்தேன், அப்புறம் பக்கவாட்டில். இரண்டு திசையிலும் வெளிச்சம் தெரியக்கூடாது. பிறகு பில் பேப்பரை நான்கு கீற்றாகக் கிழித்து, ராமின் அடிமுனைக்கு நான்கு மூலையிலும் ஒவ்வொன்றை வைத்து லேசாக அழுத்தினேன். ஒவ்வொரு கீற்றையும் இழுத்தால் நான்கும் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த மூலை தொடவில்லை என்று அர்த்தம். மூன்றில் ஒரு பிரஸ் இங்கேயே கழிந்தது. அதற்கடுத்து ராமை முழுக்கக் கீழே இறக்கி, முனையைக் கையால் பிடித்து ஆட்டினேன். கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். பக்கத்தில் இருக்கிற திருகுகளை இறுக்கினால் உள்ளே உள்ள பட்டை ராமை நெருக்கி அந்த ஆட்டம் போக வேண்டும். இறுக்கிய பிறகும் ராம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஓட வேண்டும். ஒரு பிரஸ்ஸில் நடுவில் லூசாகவும் கடைசியில் டைட்டாகவும் ஓடியது. பல்லை விரலால் தடவினேன், ஓரம் கூர்மையாகச் சுத்தமாக வெட்டியிருந்தது. கடைசியாக, உடம்பைச் சின்ன ஸ்பேனரால் தட்டினேன். நல்ல வார்ப்பு கணீரென்று கேட்கும், புட்டி அடைத்த இடமும் விரிசலும் மொத்தையாகக் கேட்கும். கோயிலில் வாங்கும் மண்விளக்கையும் இப்படித்தானே தட்டிப் பார்க்கிறோம்.

மிஞ்சிய ஒன்று இரண்டு டன் பிரஸ். ராமுக்கும் தட்டுக்கும் நடுவில் 27 செ.மீ. உயரம், ராம் மையத்திலிருந்து பின்தூண்வரை 12 செ.மீ. ஆழம், எடை முப்பது கிலோவுக்கு மேல். ரோட்டரை நிறுத்தி மேலே குழாயும் வைத்துப் பார்த்தேன், இடம் இருந்தது. 8,600 ரூபாய் சொன்னார், 8,200-க்கு முடிந்தது.

டன் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது. என் பிரஸ்ஸில் பினியன் மையத்திலிருந்து கைப்பிடிக் குமிழ்வரை 55 செ.மீ., பினியனின் ஆரம் 2 செ.மீ. அதாவது நான் கொடுக்கிற பலம் 27 மடங்காகும். இருபது கிலோ அழுத்தினால் ராமில் 540 கிலோ, உராய்வில் கொஞ்சம் போகும். என் எடை 52 கிலோ. நான் கைப்பிடியில் தொங்கினாலும் ஒன்றரை டன்னைத் தொடாது. அந்த இரண்டு டன் என்பது வார்ப்பு எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண். ஆகவே ஒரு டன்னா இரண்டு டன்னா என்று பலத்துக்காக மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 6205-வரை என் வேலை எல்லாமே கையை வேகமாகக்கூட இழுக்காமல் முடிகிறது. பெரியதை வாங்கியது உயரத்துக்காகவும், அழுத்தும்போது உடம்பு வளையாமல் நிற்பதற்காகவும்தான். சிலர் கைப்பிடியில் பைப் சொருகி நீளமாக்குவார்கள். வார்ப்பிரும்பு வளையாது, சொல்லாமல் உடையும். அதைச் செய்யவே கூடாது.

வீட்டுக்கு வந்ததும் அவசரப்பட்டு மேஜையில் சும்மா வைத்து அழுத்தினேன், மேஜையே என் பக்கம் சாய்ந்தது. பிறகு இரண்டு இஞ்சு வேப்பம் பலகையை இரும்புச் சட்டத்தில் பொருத்தி, சட்டத்தின் காலைத் தரையில் சிமெண்டு போட்டுப் பதித்து, நான்கு அரை இஞ்சு போல்ட்டால் பிரஸ்ஸைக் கட்டினோம். அடித்தட்டுக்குக் கீழே வருகிற இடத்தில் பலகையில் இரண்டு இஞ்சு ஓட்டை போட்டது நல்ல யோசனை. அடித்தட்டு வட்டமாகத் திரும்பும், அதன் நான்கு பக்கமும் நான்கு அளவில் வாய் வெட்டியிருக்கும். 23 செ.மீ.க்கு மேல் நீளமான ரோட்டர் வந்தால், கீழ் ஷாஃப்டை அந்த வாய்க்குள் விட்டு, ஷாஃப்ட் தடிமன் கூடுகிற விளிம்பு (படி) தட்டில் உட்காரும்படி நிறுத்துகிறேன். மீதி ஷாஃப்ட் பலகை ஓட்டைக்குள் தொங்கும், ஆறேழு செ.மீ. உயரம் மிச்சமாகிறது. ரோட்டரின் அலுமினிய இறக்கைகளில் எடை விழக்கூடாது, ஒரு தடவை விட்டால் உடைந்துவிடும்.

பிரஸ் வாங்கினால் மட்டும் போதாது, குழாய்கள் வேண்டும். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும், மோட்டார் மூடியின் குழிக்குள் இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டும். இதில் தப்பினால் சுத்தியல் செய்த அதே கெடுதலைப் பிரஸ்ஸும் செய்யும். 6204-க்கு முக்கால் இஞ்சு ஜி.ஐ. பைப் சொல்லி வைத்தமாதிரி பொருந்துகிறது. 6202-க்கு அரை இஞ்சு பைப். 6203-தான் தொந்தரவு. அரை இஞ்சு பைப்பின் துளை ஷாஃப்டுக்குச் சிறியது, முக்கால் இஞ்சு வளையத்தைவிட்டு வெளியே போகிறது. அதற்கு லேத்தில் 17.5 மி.மீ. துளை போட்டு ஒரு குழாய் கடைந்து வாங்கினேன். எல்லாக் குழாயின் இரண்டு முனையையும் லேத்தில் மட்டமாகச் சீவி வாங்குங்கள். ஹேக்ஸா பிளேடில் அறுத்த முனை கண்ணுக்கு நேராகத் தெரியும், பேரிங்கைச் சாய்த்துவிடும். பதினொரு குழாய்க்கும் சேர்த்து 900 ரூபாய் ஆனது. ஒவ்வொன்றிலும் பேரிங் நம்பரைப் பெயிண்டில் எழுதி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

இந்தப் பிரஸ்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது கைக்குத் தெரிவது. பேரிங் ஏற ஏறக் கைப்பிடியில் ஒரே மாதிரி ஒரு இறுக்கம் இருக்கும். திடீரென்று கனத்தால் கோணலாகப் போகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்திவிடலாம். ஒன்றுமே இல்லாமல் வழுக்கிப் போனால் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது, பேரிங் ஷாஃப்டிலேயே சுற்றும், அந்த மோட்டாரை அப்படியே கொடுத்துவிடக்கூடாது. கடைசியில் படியில் போய் உட்காரும்போது 'தொப்'பென்று நிற்கும். பத்து டன் ஹைட்ராலிக் பிரஸ்ஸை நண்பர் ஒருவர் கடையில் ஓட்டிப் பார்த்தேன். நல்ல சாமான்தான், ஆனால் ஜாக்கியை அடித்துக்கொண்டே இருக்கையில் எப்போது உட்கார்ந்தது, எப்போது அதிகமானது என்று கைக்குத் தெரியவில்லை. பால் பிரஸ்ஸும் சொன்னார்கள். அது குண்டைச் சுழற்றி வேகத்தில் அடிக்கிற மிஷின், வாஷர் வெட்டவும் தகடு வளைக்கவும் அருமை. பேரிங்குக்கு அடி வேண்டாம் என்றுதானே இவ்வளவு பாடு.

மிக்ஸி ஜார் புஷ் (பிளேடின் தண்டு சுழலும் சின்னக் குழல்) மாற்றுவதில் இது செய்த உதவியைச் சொல்லாமல் விட முடியாது. முன்பு பழைய புஷ்ஷைத் தட்டி எடுக்கும்போது ஜாரின் அடி நெளிந்துவிடும், அப்புறம் பிளேடு ஒரு பக்கம் உரசும். இப்போது அடிக்கு ஒரு வளையம் கொடுத்து, படி வைத்துக் கடைந்த கம்பியால் அழுத்தினால் பழையது கீழே விழுகிறது, புதியது அதே இடத்தில் நேராக ஏறுகிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரே நாளில் இருபத்திரண்டு ஜார் முடித்தோம்.

ஐந்து எச்.பி. வயக்காட்டு மோட்டாருக்கு இது போதாது. ரோட்டர் நுழையவே நுழையாது. அதில் வரும் 6206, 6306 பேரிங்குகளைச் சூடாக்கி ஏற்றுகிறேன். நூறு டிகிரிக்குள் வைத்தால் கையுறை போட்டுச் சுலபமாகத் தள்ளிவிடலாம், 120-ஐத் தாண்ட விடக்கூடாது. ஃபேன் மூடி மாதிரி அலுமினியத்தில் வெளிவளையம் இறுக்கமாக இருந்தால் மூடியைக் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுத் துடைத்துவிட்டு அழுத்துகிறேன். 6202-இன் வெளிவிட்டம் 35 மி.மீ. அறுபது டிகிரி சூடு ஏறினால் அலுமினியக் குழி ஏறக்குறைய 0.05 மி.மீ. விரியும். அதுவே தாராளம், ஒரு விரலால் கைப்பிடியை இழுத்தால் இறங்குகிறது.

ஒன்பது மாதத்தில் வந்த குறைகள்: கைப்பிடியின் ஒரு குமிழ் கழன்றுகொண்டே இருந்தது, திருகு மரையில் ஒட்டும் பசை விட்டு நிறுத்தினேன். பக்கத் திருகுகள் மாதம் ஒருமுறை தளர்கின்றன, லாக் நட் போட்டும் அப்படித்தான். அவை தளர்ந்தால் ராம் தன் எடையிலேயே கீழே இறங்கி, கைப்பிடி தானாகச் சுழன்று வருகிறது. பையனின் நெற்றியில் ஒரு தடவை பட்டு வீங்கிவிட்டது. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் ராமை முழுக்கக் கீழே விட்டுவிடுகிறோம், திங்கள்கிழமை காலையில் திருகைப் பார்த்த பிறகுதான் முதல் வேலை. பேரிங்கை அழுத்தும்போது கண்ணாடி போடாமல் நிற்க விடுவதில்லை. பேரிங் கெட்டி எஃகு, உடைந்தால் சில்லு தெறிக்கும்.

சென்ற மாதம் அப்பா கடைக்கு வந்து ஒரு 6204-ஐத் தானே ஏற்றிப் பார்த்தார். இடது கையால்தான் இழுத்தார். உட்கார்ந்த பிறகு வெளிவளையத்தை விரலால் சுற்றிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். "இன்னொண்ணு குடு தாயி" என்றார். அன்றைக்கு இருந்த நான்கு ரோட்டரையும் அவர்தான் முடித்தார்.